பிறந்த வருடத்து பாட்டில்

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஹார்லன் டைக்ஹவுஸை "பீர் பைத்தியம்" என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். பைத்தியம் என்றால் கொஞ்சமாவது ஆட வேண்டாமா, பாட வேண்டாமா? இந்த மனிதர் எதற்காவது அசைந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கேயும் கிடைக்காத பீரை ஊற்றிக் கொடுத்தாலும் ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லா இருக்கு" என்பார். மழைத்தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தாலும் அதையேதான் சொல்வார்.

நான் டார்லா. அவருக்கு எதிர்வீடு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன், அதனால் குரல் கொஞ்சம் பெரிசு, பொறுமை கொஞ்சம் சிறிசு. எங்கள் ஊரான கிராண்ட் ராபிட்ஸில் பாதிப்பேர் நாற்காலி செய்வார்கள், மீதிப்பேர் பீர் காய்ச்சுவார்கள். ஹார்லனுக்கு நாற்காலித் தொழிற்சாலையில் வேலை. வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் பீர். எந்த ப்ரூவரி புதிதாக என்ன காய்ச்சுகிறது, யார் விஸ்கி பீப்பாயில் ஊறப்போட்டிருக்கிறார்கள், யார் கடையை மூடப்போகிறார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. வெள்ளிக்கிழமை ஆனால் எங்கள் பீர் சங்கத்தார் அத்தனை பேர் கைபேசிக்கும் அவருடைய செய்தி வந்துவிடும். "நண்பர்களே, ஞாயிறு காலை மெழுகு பூசிய பாட்டில் வெளியீடு! ஆளுக்கு இரண்டுதான்! கம்பளி கொண்டு வாருங்கள்!" இப்படி ஆச்சரியக்குறிகளாகவே இருக்கும். எழுதுகிற முகத்தை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். மின்கட்டணம் கட்டுகிறவர் முகம் போல இருக்கும்.

அவர் வீட்டு நிலவறையில் இருந்த ஒரு பாட்டிலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பீர்க்காரர்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் ஒரு பழக்கம் உண்டு. அந்த வருடம் காய்ச்சிய பார்லி வைனில் ஒரு பெட்டி வாங்கி இருட்டில் வைத்துவிடுவார்கள். பெயரில்தான் வைன், சரக்கு பீர்தான். ஆனால் நல்ல கெட்டி, வருடக்கணக்கில் வைத்தாலும் கெடாமல் முதிரும். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அப்பன் ஒன்றைத் திறந்து, எப்படி வந்துகொண்டிருக்கிறது என்று ருசி பார்ப்பான். கடைசி பாட்டிலை மட்டும் தொடமாட்டான். பிள்ளைக்கு இருபத்தொரு வயதாகி, சட்டப்படி குடிக்கலாம் என்றாகிற நாளில் அப்பனும் பிள்ளையும் சேர்ந்து அதைத் திறப்பார்கள். பெண் பிறந்த வீட்டில் நகை சேர்க்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்லனின் மகன் கேலப் பிறந்தபோதும் அப்படி ஒரு பெட்டி வந்தது. "தொட்டில் வாங்கச் சொன்னா பீர் வாங்கிட்டு வந்து நிக்கறாரு, இந்த ஆளோட நான் எப்படிக் குடும்பம் நடத்தறது?" என்று அவர் மனைவி ரோண்டா என்னிடம் புலம்பியிருக்கிறாள். ரொம்ப நாள் நடத்தவில்லை. ஒஹையோவுக்குப் போனவள் அங்கேயே இன்னொருவனைக் கட்டிக்கொண்டாள். பையன் அப்பாவோடு இருந்துவிட்டான்.

கேலப்புக்குப் பதினைந்து வயதில் ஒன்று நடந்தது. ஹார்லன் வேலை முடிந்து வந்து நிலவறையில் இறங்கினால், பையன் தரையில் உட்கார்ந்திருக்கிறான், மடியில் திறந்த பாட்டில். பனியில் கால்கடுக்க வரிசையில் நின்று ஹார்லன் வாங்கிய பாட்டில் அது. வேறு அப்பனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? காதைத் திருகித் தரதரவென்று மேலே இழுத்து வந்திருப்பான். ஹார்லன் முதலில் கேட்டது, "எந்த பாட்டில்டா அது?" என்று. பார்த்தார். பொத்துக்கொண்டு வந்தது கோபம். அப்புறம் என்ன தோன்றியதோ, பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன தெரியுது, சொல்லு" என்றார்.

பையன் பயந்து நடுங்கிக்கொண்டே சொன்னானாம்: "காஞ்ச திராட்சை… பழைய தோல் பெல்ட் மாதிரி ஒண்ணு… முழுங்கினப்புறம் சோயா சாஸ்."

சோயா சாஸ்! ஹார்லனுக்கு அது தட்டுப்பட்டதே இல்லை. தானும் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தார். இருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. மறுநாள் சங்கத்தில், "என் பையனுக்கு நாக்கு இருக்குய்யா!" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். அன்றிலிருந்து ருசி பார்க்கிற சாயங்காலங்களில் கேலப்புக்கும் ஒரு நாற்காலி. கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் எந்த ப்ரூவரி, எந்தப் பீப்பாய் என்று சொல்லிவிடுவான். சங்கத்துக்காரர்கள் கைதட்டுவார்கள். பிள்ளைக்கு நாக்கு இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், பிள்ளைக்கு வயது பதினைந்து என்று ஒரு ஆள் சொல்லவில்லை. பீர்க்காரன் புத்தி அப்படி.

பத்தொன்பது வயதில் ஒரு காலை வேளையில் கேலப் ஓட்டிப்போன கார் ஒரு தேவாலயத்தின் வேலியை உடைத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. நல்லவேளை, அடிபட்டது அவனுக்கு மட்டும்தான். காலையிலேயே நிறையக் குடித்திருந்தான். அன்றைக்கு மட்டும் இல்லை, தினமும் அப்படித்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. தொழிற்சாலைக்கு போன் வந்தபோது ஹார்லன் கையில் பாதி முடிந்த நாற்காலி ஒன்று இருந்ததாம். கேட்டுக்கொண்டார், வைத்தார். மிச்சத் திருகாணிகளையும் முடுக்கினார். நாற்காலி சுற்றுகிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்புறம்தான் கோட்டை எடுத்தாராம். அவர் மேஸ்திரி இதைச் சொன்னபோது, "இந்த ஆள் மனுஷனா மரக்கட்டையா?" என்று நான் திட்டினேன்.

கேலப் பிழைத்தான். கலமாஸூ என்ற ஊரில், குடியை விட்டவர்கள் சேர்ந்து தங்கும் ஒரு வீட்டில் இடம் கிடைத்தது, டயர் கடையில் வேலையும் கிடைத்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஒரு சொட்டுத் தொடவில்லை. இங்கே அவன் அப்பா வேலைக்குப் போனார், வந்தார், வெள்ளிக்கிழமைச் செய்தி எழுதினார், திருவிழாவுக்குத் திருவிழா வரிசையில் நின்றார். அழவில்லை, சிரிக்கவில்லை, ருசிக்கவும் இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

"யோவ் ஹார்லன், அந்த நிலவறையைக் காலி பண்ணேன்யா. எனக்குக் குடு, சங்கத்துக்குக் குடு, இல்ல சாக்கடையில ஊத்து."

"பண்ணலாம்."

"எப்ப?"

"பண்ணலாம் டார்லா."

பிடிவாதமாக இருந்தால் சண்டை போடலாம். இவரிடம் எதைப் பிடித்துச் சண்டை போடுவது? கல்லில் நார் உரிக்கிற கதைதான்.

இந்த வருடம் பிப்ரவரியில் எங்கள் குளிர்காலப் பீர் திருவிழா வந்த சனிக்கிழமையே கேலப்பின் இருபத்தொன்றாவது பிறந்தநாளாகவும் அமைந்தது. ஹார்லன் மறந்திருந்தாலும் ட்ராய் மறக்கவில்லை. ட்ராய் எங்கள் சங்கத் தலைவன், சொந்தமாக ஒரு சின்ன ப்ரூவரி வைத்திருக்கிறான். தாடிதான் வளர்ந்திருக்கிறது. இரண்டு வாரம் முன்னாலேயே நேரே ஹார்லன் வீட்டுக்கு வந்துவிட்டான். நானும் அங்கே இருந்தேன்.

"ஹார்லன், அந்தக் கடைசி பாட்டில்! காய்ச்சின ப்ரூவரியே மூடிட்டுப் போயாச்சு. இனிமே அது எங்க கிடைக்கும்? திருவிழா அன்னிக்கு மத்தியானம் எங்க கூடாரத்துக்குப் பின்னாடி வச்சுத் திறந்துடுவோம். வெளி பாட்டில் உள்ள விடமாட்டாங்க, நான் என் சாமானோட சாமானாக் கொண்டுவந்துடறேன்."

"ஏன்டா எருமை," என்றேன், "பையன் குடியை விட்டுட்டு வந்து நிக்கறான், அவன் பேர்ல பாட்டில் திறக்கறியா?"

"அவன் குடிக்க வேணாமே டார்லா. மோந்து பாத்தாப் போதும். அந்த மூக்கு வீணாப் போலாமா? மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

"பாத்துப்பீங்க, பாத்துப்பீங்க. பந்திக்கு முந்தற கூட்டம்தானே!"

இருவரும் ஹார்லனைப் பார்த்தோம். வேண்டாம் என்ற ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வராதா என்று நான் காத்திருந்தேன். "சரி" என்றார். அந்த வெள்ளிக்கிழமைச் செய்தியில் அவரே எழுதியும் விட்டார், ஆச்சரியக்குறியோடு.

விஷயம் தெரிந்து கேலப் போன் செய்து, "நானும் வர்றேன்ப்பா, டிரைவரா" என்றானாம். குடிக்காமல் மற்றவர்களை வீட்டுக்கு ஓட்டிப்போக வருகிறவர்களுக்குத் திருவிழாவில் தனிச் சீட்டு உண்டு. மணிக்கட்டில் வேறு நிறப் பட்டை கட்டுவார்கள், தண்ணீர் வேண்டுமட்டும் தருவார்கள், ருசி பார்க்கிற கிளாஸ் மட்டும் தரமாட்டார்கள். திருவிழாவுக்கு முந்தின நாளே வந்து அப்பா வீட்டில் தங்கினான். சனிக்கிழமை காலை நான் போனபோது பிரெட்ஸலை, அதாவது இந்த ஊர் உப்பு முறுக்கை, நூலில் கோத்து மாலை கட்டிக்கொண்டிருந்தான். கழுத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பீருக்கும் நடுவே ஒன்றைக் கடித்தால் நாக்கு சுத்தமாகும், வயிற்றிலும் ஏதாவது இருக்கும். ஆள் மெலிந்திருந்தான். நெற்றித் தழும்பு வெளுத்திருந்தது.

"ஏன்டா, எனக்கு இவ்வளவு சின்ன மாலை? என் கழுத்துக்கு இது பத்துமா?" என்றேன்.

"ஆன்ட்டி, பஸ்ல பசங்களை அதட்டற மாதிரி என்னை அதட்டாதீங்க. உங்களுக்கு ரெட்டை வடம் கட்டியிருக்கேன், பாருங்க."

அப்பாவுக்கு அவனே மாலையைப் போட்டுவிட்டான். ஹார்லன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளைக்களை கொஞ்சம்கூட இல்லை.

நுழைவு வரிசையில் நான் கேலப்பைத் தனியாகப் பிடித்தேன். "நிஜத்தைச் சொல்லு. எதுக்கு வந்தே? இவனுங்க கூத்தைப் பாக்கவா?"

"பிறந்தநாள் அன்னிக்கு அப்பா தனியா நின்னுட்டிருப்பாரே ஆன்ட்டி." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அப்படியே நம்பினேன்.

பேஸ்பால் மைதானத்தின் கார் நிறுத்துமிடம்தான் திருவிழாத் திடல். தார்த்தரையில் பனியை ஓரமாகத் தள்ளி மலைபோல் குவித்திருந்தார்கள். இரும்புத் தொட்டிகளில் கட்டைகள் எரிந்தன. அப்படியும் குளிர் எலும்பைத் துளைத்தது. மாட்டுக்கொம்பு வைத்த தொப்பியோடு ஒருவன், குளியலறை அங்கியோடு ஒருத்தி, எங்கும் பிரெட்ஸல் மாலைகள். யார் கையிலிருந்தாவது கிளாஸ் விழுந்து உடைந்தால் திடலே "ஓஓஓ!" என்று கொண்டாடும். அது இந்த ஊர் வழக்கம், எந்தத் திருவிழாவிலும் மாறாது. நாங்கள் உள்ளே போன சிறிது நேரத்திலேயே யாரோ போட்டு உடைத்தார்கள், நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.

ஹார்லன் கூடாரம் கூடாரமாக நின்று, சின்ன கிளாஸை நீட்டி வாங்கிக் குடித்தார். புகை வாசனை பீர், மிளகாயும் சாக்லேட்டும் போட்ட பீர், ஊசியிலைக் கொழுந்து போட்டுக் காய்ச்சியது. எல்லாமே நல்லா இருந்தது.

"யோவ், இதுல ஈரத்துணி நாத்தம் அடிக்குது. இதுவுமா நல்லா இருக்கு?"

"ம்."

கேலப் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் வந்தான். பேசவே இல்லை. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ட்ராய் கூடாரத்துக்குப் பின்னால் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ட்ராய் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஹார்லன் கையில் கொடுத்தான். கழுத்தில் கறுத்த மெழுகு, சீட்டு பாதி உரிந்து வருடம் மட்டும் தெரிந்தது. ஹார்லன் கையுறைகளைக் கழற்றிப் பையில் போட்டார். கத்தியால் மெழுகைச் சீவினார். மூடியை நெம்பினார். "ஸ்" என்று மெல்லிய சத்தம். உயிர் இருக்கிறது என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். வெல்லப்பாகும் பழைய மரமும் கலந்த வாசனை எனக்கே வந்தது. நான் பெரிய மூக்குக்காரி இல்லை.

"முதல் கிளாஸ் பிறந்தநாள் பையனுக்கு!" என்றான் ட்ராய். "மோந்து பாக்க மட்டும்! யாராவது அவனுக்கு ஒரு கிளாஸ் குடுங்கப்பா."

யாரும் கொடுப்பதற்கு முன்னால் கேலப் கோட்டுக்குள் கைவிட்டு, காலுறைக்குள் பொதிந்து வைத்திருந்த ஒரு கிளாஸை எடுத்தான். ஹார்லன் வீட்டு அலமாரியில் இருக்கிற, தண்டு வைத்த கிளாஸ்.

"பாத்தீங்களா, ஆள் தயாராத்தான் வந்திருக்கான்!" என்று ட்ராய் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு கணம் ஒன்றும் உறைக்கவில்லை.

ஹார்லன் அந்தக் கிளாஸைப் பார்த்தார். அப்புறம் மகன் முகத்தைப் பார்த்தார். கேலப் அவரைப் பார்க்கவில்லை, பாட்டிலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹார்லன் ஊற்றப்போகிறவர் மாதிரிதான் பாட்டிலைத் தூக்கினார். தூக்கிய கை நடுவில் நின்றது. விரல்கள் திறந்தன.

கைதவறிப் போடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் பஸ்ஸில் தினமும் பிள்ளைகள் எதையாவது போடுகிறார்கள். கைதவறினால் அந்தக் கை பின்னாலேயே பதறி ஓடும். ஹார்லன் கை ஓடவில்லை. திறந்தபடியே இருந்தது.

பாட்டில் தாரில் பட்டுச் சிதறியது. அப்புறம் "ஓஓஓ!" என்று கிளம்பியது பாருங்கள் சத்தம்! பக்கத்துக் கூடாரம், அதற்குப் பக்கத்துக் கூடாரம் என்று பரவி, என்ன உடைந்தது என்றே தெரியாதவர்கள் திடலின் அந்தக் கோடியிலிருந்து கொண்டாடினார்கள். யாரோ மேளம் தட்டினார்கள். ட்ராய் மண்டியிட்டு, "போச்சே! இருபத்தொரு வருஷம் போச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். ஒருவன் சிதறியதைப் பனியோடு வழித்துக் கிளாஸில் போட்டு மோந்து பார்த்தான். இன்னொருவன் ஹார்லனைக் கட்டிப்பிடித்து, "விடு தலைவா, இந்தக் குளிர்ல யாருக்கும் நடக்கறதுதான்" என்றான்.

"கை விறைச்சுப்போச்சு" என்றார் ஹார்லன். கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். கேலப் காலிக் கிளாஸைப் பிடித்தபடி நின்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிரைவருக்கு எதற்குக் கிளாஸ்?

"போதும் கூத்து. ரெண்டு பேரும் வண்டிக்கு நடங்க" என்று இருவர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கேலப் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். ஹார்லன் அவன் பக்கத்தில், நான் பின்னால். சாவியைப் போட்டானே தவிர வண்டியைக் கிளப்பவில்லை.

"கை விறைச்சுப்போச்சா?"

"ம்."

"பொய் சொல்லாதப்பா."

வெளியே இன்னொரு கிளாஸ் உடைந்து இன்னொரு கூச்சல் எழுந்து அடங்கியது.

"நான் குடிச்சிருப்பேன்" என்றான் கேலப். "மோந்து பாக்க வரலப்பா. நேத்தே அலமாரியிலேருந்து கிளாஸை எடுத்துக் கோட்டுல வச்சுட்டேன். ஒரு வாய்தானே, பிறந்தநாள்தானே, அப்பா எனக்காக வச்ச பாட்டில்தானேன்னு எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன். அந்த ஒரு வாய் என்னை எங்க கொண்டுபோய் விடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வந்தேன்."

என்னிடம் எவ்வளவு அழகாகச் சொன்னான், அப்பா தனியாக இருப்பாரே என்று! ஹார்லன் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆள் இப்போதும் "சரி" என்று சொன்னால் பின்னாலிருந்து பிடரியில் ஒன்று போடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

"அந்த போன் வந்தப்ப எனக்கு ஒண்ணுமே தோணலடா" என்றார். "ஆஸ்பத்திரியில உன்னைப் பாத்தேன். குழாய் குழாயா மாட்டியிருந்தாங்க. அப்பவும் ஒண்ணும் இல்ல. எனக்கே இது என்னடான்னு இருந்துது. அதுக்கப்புறம் எதுலயும் ஒண்ணும் இல்ல. இப்ப பாட்டிலைப் போட்டப்பகூட இல்ல. உன் கையில கிளாஸைப் பாத்தேன், கையைத் திறந்துட்டேன். அவ்வளவுதான்."

"இப்ப?"

ஹார்லனின் தாடை கிடுகிடுவென்று ஆடியது. குளிர் இல்லை அது.

"இப்ப பயமா இருக்கு" என்றார். "ரொம்பப் பயமா இருக்கு கேலப்."

கேலப் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். "எனக்குத் தினமும் அப்படித்தான்ப்பா இருக்கு."

அப்பனும் பிள்ளையும் அழுதார்கள். நான் பின்சீட்டில் என் பங்குக்கு அழுதேன். பிரெட்ஸல் மாலை ஈரமாகி நசநசத்தது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

ரொம்ப நேரம் கழித்துக் கேலப் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கலமாஸூவுல இன்னிக்குச் சாயங்காலம் குடியை விட்டவங்க சேர்ந்து பேசற எங்க கூட்டம் இருக்கு. குடும்பத்துக்காரங்களும் வரலாம். நீ வர்றியா?" என்றான்.

"நான் வந்து என்னடா பேசுவேன்? எனக்கு என்ன சொல்லத் தெரியும்?"

"இப்ப சொன்னியே, அதைத்தான்."

வண்டியைக் கிளப்பினான். என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.